குட்டிக் கோல்ப் ஆட்டத்தின் வரலாறு

சென்ற ஆண்டு மலரில் நாம் எழுதிய இருப்புப்பாதைப் பாலங்களின் கதையைப் படித்த அன்பர் சிலர், "கணக்கும் அளவும் மிகுதி, பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட்டார்கள்" என்று குறைபட்டுக் கொண்டார்கள். குறை நியாயமானதே. ஆகவே இம்முறை பிள்ளைகளுக்கும் உகந்ததாக ஒரு விளையாட்டின் கதையை எடுத்துக்கொண்டோம். ஆயினும் நாம் எழுத்தர் வேலை பார்ப்பவர். ஆண்டும் அளவும் இன்றி எழுத நம் கை இணங்காது. சிறிது பொறுத்தருள்க.

நம் தமக்கையாரின் மகன் அமெரிக்க நாட்டில் கணிப்பொறிப் பணியில் இருக்கிறான். விடுமுறை கிடைத்தால் பிறர் பேரருவிகளையும் பெருநகரங்களையும் காணச் செல்வார்கள். இவனும் இவன் மனைவியும் ஊர் ஊராகச் சென்று குட்டிக் கோல்ப் மைதானங்களைத் தேடுவார்கள். அவற்றுள்ளும் சாதாரணமானவற்றை விரும்பார். விசித்திரமானதாக இருத்தல் வேண்டும். கண்டவுடன் ஒரு பட அட்டை நமக்கு வரும். இதுவரை 27 அட்டைகள் வந்துள்ளன. அவற்றை நம் டிரங்குப் பெட்டியின் மூடியில் உட்புறமாக ஒட்டி வைத்திருக்கிறோம். "மாமா, இதன் வரலாற்றை நீங்கள்தான் எழுத வேண்டும்" என்று அவன் சொன்னபோது முதலில் சிரித்தோம். பிறகு தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்தபின் சிரிப்பு நின்றது.

கோல்ப் ஆட்டத்தை அறியாதாருக்கு ஒரு சொல். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளியில், நீண்ட மட்டையால் சிறு பந்தை ஓங்கி அடித்து, அதன் பின்னே நடந்து, கடைசியில் மெல்ல உருட்டி ஒரு குழியில் வீழ்த்துவது அவ்வாட்டம். இவ்வாறு பதினெட்டுக் குழிகள். அந்தக் கடைசி உருட்டலை மட்டும் தனியே பிரித்தெடுத்துச் சிறு இடத்தில் ஆடுவதே குட்டிக் கோல்ப்.

பெரிய ஆட்டம் நம் நாட்டிற்குப் புதிதன்று. ஆங்கிலேயர் 1829இல் கல்கத்தாவில் தொடங்கிய கோல்ப் சங்கம் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானது. அதன் பின்னர் அவர்கள் தங்கிய ஊர்கள் பலவற்றில் ஒரு புல்வெளியும் அதைச் சுற்றி ஒரு வேலியும் தோன்றின. நாம் சிறுவனாக வளர்ந்த ஊரிலும் அப்படி ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் போய் நெடுங்காலம் ஆகியும் வேலி அப்படியே இருந்தது. வேலிக்கு வெளியே வந்து விழும் பந்தைப் பொறுக்கிக் கொடுத்தால் நாலணா கிடைக்கும்; 25 காசு என்று அச்சிட்டிருந்தும் எங்கள் வாயில் அது நாலணாதான். ஒரு நாள் பந்தைக் கொடுக்க உள்ளே போன நாம், மரத்தில் சார்த்தி வைத்திருந்த மட்டையை எடுத்து ஒரே ஒரு முறை ஓங்கிப் பார்த்தோம். காவற்காரர் காதைத் திருகி வெளியே தள்ளினார். அது பெரிதன்று. மறுநாள் நம் தந்தையார் அதற்காக ஓர் அதிகாரியின் முன் நின்று மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வீடு திரும்பிய அவர் நம்மை அடிக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அன்றிரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் பின்னே விளங்கும்.

குட்டிக் கோல்ப் ஆட்டத்தின் முதற் சுவடு கோல்பின் தாய்வீடாகிய ஸ்காட்லாந்து நாட்டுச் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலேயே கிடைக்கிறது. அக்காலத்தில் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது பெண்களுக்கு அடக்கமன்று என்பது அவ்வூர்ப் பெரியவர்களின் கொள்கை. ஓங்கக்கூடாது, உருட்டலாம். ஆகவே 1867இல் பெண்களுக்கென்று ஓர் உருட்டாட்டச் சங்கம் ஏற்பட்டது. அதற்கான புல்தரையை அமைத்துக் கொடுத்தவர் அந்நாளில் புகழ்பெற்ற ஆட்டக்காரராகிய முதிய டாம் மாரிஸ். தரையோ மேடும் பள்ளமுமாக அலை அலையாகக் கிடந்தது. அதற்கு வழங்கிய பெயர் என்ன தெரியுமா? 'இமயமலை'! ஆளுயரம் இல்லாத மேடுகளுக்கு நம் நாட்டுப் பனிமலையின் பெயர். இன்றைக்கும் அப்பெயர்தான். சிறு கட்டணம் செலுத்தி எவரும் அங்கே ஆடலாம்.

கடல் கடந்து அமெரிக்காவிற்கு வந்தால், 1910களின் பிற்பகுதியில் வட கரோலினா மாநிலத்துப் பைன்ஹர்ஸ்ட் என்னும் ஊரில், ஜேம்ஸ் பார்பர் என்ற கப்பல் முதலாளி தம் மாளிகைத் தோட்டத்தில் ஒரு குட்டி மைதானம் அமைத்தார். அது செல்வரின் பொழுதுபோக்கு. நாம் அதைக் கடந்து செல்வோம்.

உண்மையான தடை புல்தான். புல்லுக்கு நீர் வேண்டும், கத்தரிக்க ஆள் வேண்டும், நாள் முழுதும் மிதித்தால் பட்டுப்போகும். 1922ஆம் ஆண்டளவில் இதற்கு வழி கண்டவர் தாமஸ் மக்கல்லக் பேர்பேர்ன் என்பவர். மெக்சிகோவில் பருத்தி பயிரிட்ட அவர், ஆலையில் கழிவாகக் குவிந்து கிடந்த பருத்திக்கொட்டைத் தோலை நசுக்கி, மணலும் எண்ணெயும் கலந்து, பச்சைச் சாயம் ஏற்றிப் பரப்பினார். பந்து அதன்மேல் ஒழுங்காக உருண்டது. நம் தென்னாட்டில் பருத்திக்கொட்டையை மாட்டுக்கு அரைத்து ஊற்றுவோம், பாலெடுத்துக் காய்ச்சிக் குடிப்போம். அதன் தோலைக்கொண்டு ஒரு விளையாட்டே வளரும் என்று யார் கண்டார்?

இனி லுக்கவுட் மலைக்குப் போவோம். டென்னசி, ஜார்ஜியா மாநிலங்களின் எல்லையில் உள்ள இம்மலைமேல் 1895 முதல் ஒரு கம்பிவட இரயில் ஏறி இறங்குகிறது. அதன் மிகச் செங்குத்தான இடத்தில் ஏற்றம் நூற்றுக்கு 72.7 பங்கு! நம் நீலகிரி இரயிலின் கடும் ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது நூற்றுக்கு எட்டரைக்கும் குறைவு. நீலகிரி வண்டி பற்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு தன் ஆற்றலால் ஏறுவது, அது வடத்தால் இழுபடுவது; ஆகவே இரண்டையும் ஒப்பிடுவது சரியன்று என்பதை நம் இலாகா நண்பர்கள் சுட்டிக்காட்டுமுன் நாமே ஒப்புக்கொள்கிறோம். சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவே.

இம்மலைமேல் கார்னெட் கார்ட்டர் என்பவர் விடுதியும் வீட்டுமனைகளும் அமைத்துப் பெரிய கோல்ப் மைதானம் ஒன்றையும் திட்டமிட்டார். 1927ஆம் ஆண்டளவில் விருந்தினர் பொழுதுபோக்கிற்காக ஒரு குட்டி மைதானமும் போட்டார். அதில் குள்ளர் பொம்மைகளையும், உள்ளே குடைந்த மரக்கட்டைகளையும், வளைகுழாய்களையும் வைத்து ஒரு தேவதைக் கதைபோல் அலங்கரித்ததில் அவர் மனைவி பிரீடா அம்மையாரின் கைவண்ணம் பெரிது. 'டாம் தம்ப்', அதாவது கட்டைவிரல் அளவேயான கதைப்பிள்ளையின் பெயரை அதற்கு இட்டார்கள். பெரிய மைதானத்திற்கென வந்தவர்களெல்லாம் இங்கே வந்து மொய்த்தார்கள். கார்ட்டர் உடனே உரிமை பதிந்து, பேர்பேர்னின் தரைக்கும் உரிய பணத்தைக் கொடுத்து, மைதானத்தையே துண்டு துண்டாகச் செய்து நாடெங்கும் விற்கத் தொடங்கினார்.

அதே வேளையில், 1929 அக்டோபரில், நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. வேலை போனது, கூலி குறைந்தது. பெரிய கோல்ப் சங்கங்களின் கட்டணம் எளியோருக்கு எக்காலத்தும் எட்டாதது. ஆனால் சில காசுகளுக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் மனைவி மக்களோடு ஆடலாம் எனின் யார்தான் வரமாட்டார்? 1930இல் அந்நாட்டில் 25,000 குட்டி மைதானங்கள் இருந்தனவென்று அரசாங்கத்தாரே மதிப்பிட்டனர். நியூயார்க் நகரில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை வீடுகளின் மொட்டைமாடிகளில் இருந்தன. பணம் இல்லாதவர்கள் பழைய டயரையும், சாக்கடைக் குழாயையும், உடைந்த பீப்பாயையும் எடுத்து வைத்துத் தாங்களே மைதானம் அமைத்தார்கள். குட்டிக் கோல்பின் விசித்திரங்கள் பெருகியது இந்த வறுமையினால்தான் என்பது நம் கருத்து. படக்கொட்டகைக்காரர்கள் கூட்டம் குறைகிறதென்று கலங்கினார்கள். இரவு முழுதும் சிரிப்பும் பந்தொலியும் கேட்டு உறக்கம் கெட்ட அயலார் முறையிட, பல நகரங்கள் நேரக் கட்டுப்பாடு விதித்தன.

வந்த வேகத்திலேயே மோகம் தணிந்தது. இரண்டொரு ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. கார்ட்டர் அதற்குள் தம் உரிமையை விற்றுவிட்டு, 1932இல் அதே மலையில் 'ராக் சிட்டி' என்னும் பாறைத் தோட்டத்தைத் திறந்தார்; அது இன்னும் இருக்கிறது. அந்த மோகக் காலத்து மைதானங்களில் ஒன்று நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகருக்கு அருகில் தப்பி நின்றது. 1930இல் அமைந்த அதனை 2002இல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

எளியோரின் ஆட்டம் என்றோம். எல்லா எளியோருக்கும் அது திறந்திருந்ததா என்றால் இல்லை. நிற வேற்றுமை ஆண்ட காலம் அது. தலைநகர் வாஷிங்டனில் கிழக்குப் பொடோமக் பூங்காவில் அரசாங்கத்திற்குச் சொந்தமான கோல்ப் மைதானமும், அருகே ஒரு குட்டி மைதானமும் இருந்தன. 1941 ஜூன் மாதத்தில் மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள் அக்கோல்ப் மைதானத்தினுள் நுழைந்தார்கள். வெள்ளையர் கூட்டம் கூடி ஏசியது. காவலர் சூழ நடந்து அவர்கள் ஆடினார்கள். உள்நாட்டு அமைச்சராயிருந்த ஹரால்டு இக்ஸ், வரி செலுத்தும் குடிகள் யாவருக்கும் அரசாங்க மைதானங்களில் ஆட உரிமை உண்டு என்ற நிலையை எடுத்து, அவற்றைத் திறந்துவிடச் செய்தார். இப்பகுதியைப் படித்த இரவில் நமக்குத் தந்தையாரின் நினைவு வந்தது. அந்த மூவரில் எவரேனும் சிறுவனாய் இருந்தபோது பந்து பொறுக்கியிருப்பாரோ என்றும் எண்ணினோம்.

உலகப் போருக்குப் பின் இவ்வாட்டம் மீண்டும் தலையெடுத்தது. இப்போது இரண்டு கட்சிகள். வட கரோலினாவில் 1954இல் டான் கிளேட்டன் என்பவர் தொடங்கிய மைதானத்தில் பொம்மையும் இல்லை, காற்றாலையும் இல்லை. ஒவ்வொரு குழியையும் இரண்டே தட்டில் முடிக்கலாம், கணக்கும் கையும் சரியாக இருந்தால் போதும். மறுபுறம், பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் நகரில் 1955இல் லோமா சகோதரர்கள் சுழலும் காற்றாலை முதலிய அசையும் தடைகளைச் செய்து விற்றார்கள். ஐரோப்பாவிலோ, சுவிட்சர்லாந்தின் பால் பொங்னி என்ற தோட்டக் கலைஞர் 1954 மார்ச் 19இல் அஸ்கோனா ஊரில் 12 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் பாதைகளைக் கொண்ட மைதானத்தைத் திறந்தார். எங்கே அமைத்தாலும் ஒரே அளவு என்பதால் போட்டிகள் நடத்த அது ஏற்றதாயிற்று. அங்கே கைதேர்ந்தவர்கள் ஒரு பெட்டி நிறையப் பந்து கொண்டு வருகிறார்களாம். ஒன்று மெத்தென்றது, ஒன்று துள்ளுவது, ஒன்று துள்ளாதது. குளிர்ந்தால் குணம் மாறுமென்று அவற்றை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்கிறார்களாம். நமக்கு இந்தக் கண்டிப்பு பிடிக்கவில்லை. நம் வாக்கு காற்றாலைக் கட்சிக்கே.

நம் மருமகனின் அட்டைகளும் அக்கட்சியைச் சேர்ந்தவையே. புளோரிடாவின் பனாமா சிட்டி கடற்கரையில் லீ காப்ளின் என்பவர் 1959இல் அமைத்த மைதானத்தில் எகிப்தின் சிங்க உடலுருவமும் பண்டை விலங்குகளும் சிமெண்டில் நிற்கின்றன. இல்லினாய் மாநிலத்துப் பாலட்டைன் ஊரில் ஒரு விந்தை: இறந்தாரை அடக்கத்திற்கு ஆயத்தம் செய்யும் நிலையம் ஒன்றின் நிலவறையில் ஒன்பது குழிகள்! சவப்பெட்டியும் மண்டையோடும் தடைகள். மேலே இறுதிச் சடங்கு நடக்கும்போது கீழே ஆட்டம் கிடையாது என்பது விதி. இதைக் கேட்ட நம் இல்லத்தார் அந்த அட்டையைப் பூசையறைப் பக்கம் கொண்டுவரக் கூடாதென்று உத்தரவிட்டு விட்டார்.

இவற்றைத் தேடித் திரிபவர் நம் மருமகன் ஒருவனல்லன். இங்கிலாந்தில் ஒரு தம்பதியர் 2006 முதல் நூற்றுக்கணக்கான மைதானங்களுக்குச் சென்று கணக்கெடுத்து வருகிறார்கள். தேடுவதில் ஓர் அவசரமும் இருக்கிறது. நிலத்தின் விலை ஏறினால் முதலில் போவது இவையே. அதே காப்ளின் அரிசோனாவின் டூசான் நகரில் அமைத்த 'மாயக் கம்பளம்' 2008இல் மூடப்பட்டது. ஊரார் சிலைகளைக் காக்க முயன்றார்கள். ஈஸ்டர் தீவுச் சிலையைப் போன்ற பெருந்தலை ஒன்றைப் பெயர்த்து நகரில் ஒரு மதுக்கடையின் வாசலில் நிறுத்தினார்கள். அந்த அட்டையின் பின்புறம் மருமகன் எழுதியிருந்தது: "மாமா, பத்தாண்டு முன்னே வந்திருக்க வேண்டும்."

சென்ற கோடையில் அவன் நம் காலனிக்கு வந்திருந்தான். சங்கக் கட்டடத்தின் பின்னே கிடக்கும் இடத்தை யாவரும் அறிவீர்கள். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பத்து நாளில் ஒன்பது குழிகள் வெட்டிவிட்டான். செங்கல் கரைகள், பழைய குடிநீர்க் குழாய் ஒரு சுரங்கம், உடைந்த ஆட்டுக்கல் ஒரு தடை, ஐந்தாம் குழியில் தகரத்தால் ஆன கைகாட்டி மரம், கம்பியை இழுத்துக் கை இறங்கினால்தான் பந்து போகலாம். தரைக்குப் பருத்திக்கொட்டைத் தோலுக்கு மாறாக மரத்தூள். அவ்விடத்தை வண்டி நிறுத்துமிடமாக்க வேண்டுமென்று ஒரு மனு சுற்றில் இருப்பதாகக் கேள்வி. முடிவு நம் கையில் இல்லை.

ஆண்டு விழா நாளன்று மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை, பொதுக்குழு தொடங்குமுன், யார் வேண்டுமானாலும் ஆடலாம். தாய்மார்களும் வரவேண்டும். கட்டணம் இல்லை. மட்டைகள் நான்கே இருப்பதால் வரிசையில் நிற்க நேரும். ஏழாம் குழிக்கு அருகில் சாக்கடை மூடி சற்றே ஆடுகிறது. சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்.