கொள்கை மாறிய இமாம்

மனிதனின் செயலுக்கு அவனே கர்த்தாவா, அன்றி அதுவும் இறைவனின் படைப்பா? ஈடேற்றம் மனிதனின் தேர்வா, இறைநாட்டமா? சமயங்கள் அனைத்தும் சந்தித்த வினா இது. ஐரோப்பாவில் கால்வினின் முன்விதிக் கொள்கையோடு முரண்பட்ட அர்மினியஸ் 1609இல் மறைந்தார்; அவர் வழியினரின் கருத்தை 1618–19இல் கூடிய டார்ட் திருச்சபைப் பேரவை நிராகரித்தது. அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே பஸராவில் ஓர் அறிஞர் இவ்வினாவில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடந்தார். அவரே இமாம் அபுல் ஹஸன் அல்-அஷ்அரீ (ரஹ்).

ஹிஜ்ரி 260இல் பிறந்த அவர், முஃதஸிலாக்களின் தலைவரான அபூ அலீ அல்-ஜுப்பாயீயிடம் பயின்றவர். மனிதன் தன் செயலைத் தானே படைக்கிறான். இல்லையேல் தண்டனை அநீதியாகும் என்பது முஃதஸிலாக்களின் வாதம். நாற்பதாம் வயதளவில் அஷ்அரீ இக்கொள்கையைத் துறந்தார். பதினைந்து நாள்கள் வீட்டில் தனித்திருந்து, பின்னர் பஸராப் பள்ளிவாசலின் மிம்பரில் ஏறித் தம் மாற்றத்தை அறிவித்தார் என்று இப்னு அஸாகிர் பதிவு செய்கிறார்.

மாற்றத்திற்குக் காரணமாகக் கூறப்படும் உரையாடலை, ‘ஷரஹுல் அகாயித்’ ஓதும் மாணவர் அதன் தொடக்கத்திலேயே காண்பர். மூன்று சகோதரர்கள்: ஒருவர் கீழ்ப்படிந்தவராகவும், மற்றவர் பாவியாகவும், மூன்றாமவர் சிறுவராகவும் இறக்கின்றனர். “என்னை வாழவிட்டிருந்தால் வழிபட்டிருப்பேனே” என்று சிறுவர் கேட்டால் இறைவனின் மறுமொழி என்ன என்று அஷ்அரீ வினவினார். “வளர்ந்தால் பாவியாவாய் என அறிந்தே இளமையில் இறக்கச் செய்தேன்” என்பான் என்றார் ஆசிரியர். “அவ்வாறாயின் என்னையும் ஏன் இளமையிலேயே இறக்கச் செய்யவில்லை எனப் பாவி கேட்பானே?” ஜுப்பாயீ வாயடைத்தார். இந்நிகழ்ச்சியின் வரலாற்று உண்மையை இக்கால ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். எனினும், இறைநீதியை மனித அளவுகோலால் முற்றிலும் அளந்துவிட இயலாது என்பதை அது தெளிவுறுத்துகிறது.

மாறிய அஷ்அரீ, மனிதனை வெறும் கருவியாக்கிய ஜபரிய்யாக்களோடும் சேரவில்லை. செயலைப் படைப்பவன் அல்லாஹ். அதை ஈட்டுபவன் மனிதன். ஆகவே பொறுப்பும் அவனுடையதே என்றார். இதுவே ‘கஸ்ப்’. நுட்பமானதொன்றைச் சுட்ட ‘அஷ்அரீயின் கஸ்பினும் நுண்ணியது’ எனும் வழக்கு அரபியில் தோன்றும் அளவிற்கு அது கடினமானது. ஸமர்கந்தில் இமாம் மாதுரீதீ (ரஹ்) மனிதத் தேர்வுக்குச் சற்றே கூடுதல் இடமளித்தார். தமிழகத்தில் ஷாஃபிஈகள் அஷ்அரீயையும் ஹனஃபீகள் மாதுரீதீயையும் அகீதாவில் பின்பற்றுவது மரபு. ஒரே ஊரில் இரு சாராரும் ஒருவர் பின்னால் ஒருவர் தொழுதே வந்துள்ளனர்.

முகாம் மாறியோர் பழைய தோழரை இகழ்வதே பெரும்பாலும் உலக வழக்கு. அஷ்அரீயும் முஃதஸிலாக்களைக் கடுமையாக மறுத்து நூல்கள் இயற்றினார். ஆயினும், தமது ‘மகாலாத்துல் இஸ்லாமிய்யீன்’ நூலில் அவர்களின் கருத்துகளைத் திரிக்காது தொகுத்தளித்தார். முஃதஸிலாக்களின் தொடக்ககால நூல்கள் பல அழிந்துபோன நிலையில், அவர்களை அறிய இன்றும் ஆய்வாளர் நாடும் முதன்மை ஆதாரங்களுள் அதுவும் ஒன்று. அவர்களிடம் கற்ற தர்க்கத்தையும் அவர் கைவிடவில்லை. அதையே மார்க்கத்தின் காவலுக்குப் பயன்படுத்தினார்.

ஹிஜ்ரி 324இல் பக்தாதில் அவர் மறைந்தார். மறுக்கப்படும் கருத்தை அதற்குரியவர் ஏற்கும் வண்ணம் எடுத்துரைத்த பின்னரே மறுக்க வேண்டும் என்னும் பாடம் அவரிடம் உண்டு. அகீதா வேறுபாட்டிற்காக ஸலாமும் மறுக்கப்படும் இக்காலத்தில் நாம் பெறவேண்டிய பாடமும் அதுவே.