வர இயலாதோர் பட்டியல்

சின்ன வயசுல எங்க ராயப்பன்பட்டியில தாத்தா தினமும் ரெண்டு பேப்பர் படிப்பார். ஒண்ணு டீக்கடையில ஓசியில படிக்கிற தினத்தந்தி. இன்னொண்ணு காசு குடுத்து வாங்குற முரசொலி. "எதுக்கு தாத்தா ரெண்டு?"ன்னு கேட்டா, "அதுல ஊர்ச் சேதி, இதுல நம்ம சேதிடா"ம்பார். கட்சிப் பத்திரிகையில என்ன உண்மை இருக்கப் போவுதுன்னு நக்கலடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவன் நான்.

அந்த முரசொலி கதைதான் மக்கா இன்னைக்கு.

1942 ஆகஸ்ட் 10. திருவாரூர்ல 18 வயசுப் பையன் ஒருத்தர் 'சேரன்'ங்கிற புனைபெயர்ல துண்டறிக்கையா ஆரம்பிச்சதுதான் முரசொலி. அந்தப் பையன் கலைஞர். நடுவுல நின்னு, 1948 பொங்கலை ஒட்டி வார இதழா மறுபடி வந்துச்சு. 1954ல சென்னைக்குப் போச்சு. 1960 செப்டம்பர் 17, பெரியார் பிறந்தநாள் அன்னைக்கு நாளிதழ் ஆச்சு. தலைவர் எழுதுற 'உடன்பிறப்பே' கடிதத்தைப் படிச்சாத்தான் தொண்டனுக்குக் காப்பி இறங்கும்.

1975 ஜூன்ல நெருக்கடி நிலை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தாச்சு. எழுத விடமாட்டேங்கிறாங்கன்னு காட்ட, வெண்டைக்காய், விளக்கெண்ணெய் மகிமையை எல்லாம் எழுதி முரசொலி கிண்டல் பண்ணுச்சு. 1976 ஜனவரி 31ல தி.மு.க. ஆட்சியையே கலைச்சாங்க. மிசாவுல கைது மேல கைது. ஸ்டாலின், முரசொலி மாறன்னு எல்லாரும் உள்ள. யார் யாரைப் பிடிச்சாங்கன்னு பேப்பர்ல போட முடியாது.

மூணே நாள்ல, பிப்ரவரி 3ல, அண்ணா நினைவு நாள் வந்துச்சு. அண்ணா சதுக்கத்துல மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள்னு ஒரு பட்டியல் போட்டுச்சு முரசொலி. தணிக்கை அதிகாரி கண்ணுக்கு அது வெறும் அஞ்சலிச் செய்தி. படிச்சவங்களுக்குத் தெரியும், அத்தனை பேரும் ஜெயில்ல இருக்காங்கன்னு!

தாத்தா சொல்வார்: "அன்னைக்குப் பேப்பரை விரிச்சு, நம்ம பக்கத்து ஆளுக பேரு இருக்கான்னு விரல் வச்சுத் தேடினேன்டா."

இதைக் கேட்டப்புறம் எனக்கு நக்கல் வரல. எந்தப் பக்கமும் சாயாதவன்னு சொல்லிக்கிட்ட பலர் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டாங்க. ஒரு கட்சிப் பத்திரிகை உண்மையைச் சொல்லிருச்சு.

அதுக்காக முரசொலியில வந்ததெல்லாம் வேதவாக்குன்னு சொல்ல வரல. உள்ள போனது தன் ஆளுகங்கிறதால வந்த பட்டியல் அது. அடுத்த கட்சிக்காரன் மட்டும் உள்ள போயிருந்தா வந்திருக்குமா? தெரியல. தன் ஆளுக்கு வலிச்சா மட்டும் எழுதுறது கட்சிப் பத்திரிகைக்கு இயல்பு.

எழுதுற நமக்கும் அதுவே போதுமா? நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?