சம்பளம் வாங்கிக்கிட்டே நூலகர் ஆவது

ஜெர்மனியில பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனா, புத்தகம் கொடுக்கிற மேசையில பத்தொன்பது இருபது வயசுப் பசங்க, பொண்ணுங்க உட்கார்ந்திருப்பாங்க. அதுல சிலர் கல்லூரிப் பக்கமே போகாதவங்க. பள்ளி முடிச்சதும் நேரா நூலகத்துல பயிற்சிக்குச் சேர்ந்தவங்க. மூணு வருஷம் நூலகத்துல வேலை, இடையிடையே தொழிற்பள்ளியில பாடம். மாசாமாசம் சம்பளமும் உண்டு. முதல் வருஷமே 1,200 யூரோவுக்கு மேல (பிடித்தம் போக எவ்வளவு மிஞ்சும்னு கேக்காதீங்க).

இதோட பழைய கதையைத் தோண்டினா வேற மாதிரி இருக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல பல இடங்கள்ல நூலகத்தைப் பாத்துக்கிறது பேராசிரியர்களுக்கு ஒரு உபதொழில். 1886-ல கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல கார்ல் ட்சியாட்ஸ்கோவை நூலகவியல் பேராசிரியரா நியமிச்சாங்க. 1893 டிசம்பர் 15-ல பிரஷ்ய அரசு ஒரு ஆணை போட்டுச்சு. இனி பல்கலைக்கழக நூலகத்துல உயர்பதவி வேணும்னா, பட்டம் வாங்கினப்புறம் ரெண்டு வருஷம் நூலகத்துல பயிற்சி எடுத்து, பரீட்சையும் எழுதணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா அந்த ரெண்டு வருஷத்துக்குச் சம்பளம் கிடையாது. அப்போ யாரால வரமுடியும்? அப்பா வீட்டுல காசு இருக்கிறவங்களாலதான். பரீட்சை அறிவை அளந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே பணப்பை ஆளை வடிகட்டிடுச்சு. 1909-ல நடுநிலைப் பணிக்குன்னு தனியா ஒரு பட்டயப் பரீட்சை வந்தது. நூலக வேலைக்குள்ள பெண்கள் நிறையப் பேர் வந்தது அந்த வழியிலதான்.

கதவு நெஜமா திறந்தது 1969-ல. அந்த வருஷம் மேற்கு ஜெர்மனி கொண்டுவந்த தொழிற்பயிற்சிச் சட்டப்படி, பயிற்சியாளருக்கு நியாயமான ஊதியம் கொடுத்தே ஆகணும், அது வருஷாவருஷம் ஏறவும் வேணும். 1975-ல நூலக உதவியாளர் வேலையும் இந்த வகைப் பயிற்சிக்குள்ள வந்துச்சு. கிழக்கு ஜெர்மனியில அவங்களுக்குன்னு தனிப் பயிற்சி இருந்தது. ரெண்டு நாடும் ஒண்ணானப்புறம், 1998-ல நூலகம், ஆவணக்காப்பகம் எல்லாத்தையும் சேர்த்து ஒரே தொழிலா ஆக்கினாங்க. பேரு மட்டும் ரயில் வண்டி நீளம், அதனால 'ஃபாமி'ன்னு சுருக்கிட்டாங்க.

நம்ம ஊர்க் கதையும் லேசுப்பட்டதில்ல. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரா ஆனப்போ அவர் கணக்கு வாத்தியார். லண்டனுக்குப் போனாரு, பாடம் படிச்சாரு. ஆனா க்ராய்டன் நூலகத்துல பெர்விக் சேயர்ஸ்கிட்ட கூடவே இருந்து பாத்துக் கத்துக்கிட்டதுதான் பெருசு. 1929-ல சென்னையில நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பும் ஆரம்பிச்சாரு. ஆனா இன்னிக்கு நம்ம பக்கம் பெரும்பாலும் கைக்காசு போட்டு நூலகவியல் பட்டம், அப்புறம் வேலை தேடல். அலமாரியைத் தொடுறது கடைசியிலதான்.

அதுக்காக ஜெர்மனியைத் தலையில தூக்கி வெச்சு ஆடவும் வேண்டாம். ஃபாமி முடிச்சவங்க எவ்வளவு கெட்டிக்காரங்களா இருந்தாலும், மேல போகணும்னா பெரும்பாலும் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கணும். உச்சியில இருக்கிற பதவிகளுக்கு முதுகலையோ முனைவர் பட்டமோ முடிச்சவங்களைத்தான் ரெண்டு வருஷப் பயிற்சிக்கு எடுக்குறாங்க. அதுக்கு இப்போ சம்பளம் தர்றாங்க. ஆனா 1893-ல போட்ட ஏணியோட படிகள் இன்னும் அதே உயரத்துலதான் இருக்கு.

உங்கள்ல யாராச்சும் நூலகத்துல வேலை பாத்திருந்தா, முதல் நாள் யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்கன்னு எழுதுங்களேன்.