சுண்ணாம்புக் கம்பம்: ஒரு சிற்றூரின் பெயரும் வரலாறும்

சிங்கப்பூரின் வரலாற்றைத் துறைமுகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். இவ்வுரையில் நாம் ஒரு சிற்றூரிலிருந்து தொடங்குவோம். இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் பகுதியில், சிராங்கூன் சாலையை ஒட்டி அவ்வூர் இருந்தது. மலாய்க்காரர் அதனைக் கம்போங் காப்போர் என்றனர். தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். இரண்டிற்கும் பொருள் ஒன்றே. 'காப்போர்' என்பது சுண்ணாம்பு. சிற்றூரைக் குறிக்கும் 'கம்போங்' தமிழர் நாவில் 'கம்பம்' ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பகுதியில் செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. சுண்ணாம்பு சுடுதல் கடுந்தொழில். கிளிஞ்சலையோ பவளக்கல்லையோ காளவாயில் இட்டுச் சுடுவர். சுட்டதன்மேல் நீர் தெளித்தால் அது கொதித்துப் பூத்துப் பொடியாகும். அப்பொடி கண்ணை எரிக்கும்; தோலை அரிக்கும். அத்தொழிலில் இருந்தோர் வழிபட்ட ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தையும் மக்கள் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றே அழைத்தனர்.

அந்நாளில் சுண்ணாம்பு இன்றி நகரம் இல்லை. செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எண்ணிப் பாருங்கள். 1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1861இல் முதல் வழிபாடு நடந்த அக்கட்டடத்தை எழுப்பியோர் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பெற்ற கைதிகள். அதன் சுவர்ப்பூச்சு மதராஸ் முறையில் அமைந்தது. கிளிஞ்சற் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசினர். காய்ந்தபின் தேய்த்து மெருகேற்றினர். இப்பூச்சிற்கு ஆங்கிலேயர் வழங்கிய 'சுனாம்' என்னும் பெயரும் நம் 'சுண்ணம்' தந்ததே. கைவினையோடு சொல்லும் கடல் கடந்தது.

காளவாய்கள் மறைந்தன. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. பழைய கடைவீடுகள் காப்புப் பெற்றன. மலாய்ப் பெயர் கம்போங் காப்போர் சாலையாக இன்றும் நிற்கிறது. தமிழ்ப் பெயரோ சாலைப் பெயராக நிலைக்கவில்லை. அது பேச்சில் பிறந்தது. பேச்சு நின்றால் மறைந்துவிடும்.

சுண்ணாம்பு சுட்ட எளியோர் தம் வாழ்வைக் குறித்து நூல் எழுதி வைக்கவில்லை. அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற ஆவணம் ஓர் ஊர்ப்பெயரே. அப்பெயருள் அவர்தம் தொழில் இருக்கிறது. அண்டை வீட்டாரின் மொழியைத் தம் மொழியோடு இணைத்துக்கொண்ட வாழ்க்கையும் இருக்கிறது. 'சுண்ணாம்பு' தமிழ், 'கம்பம்' மலாய் வழி வந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததே சிங்கப்பூர்த் தமிழ்.

ஆகவே, மாணவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. உங்கள் இல்லத்து முதியோர் எந்தக் கம்பத்தில் வாழ்ந்தனர், அதனைத் தமிழில் எப்பெயரால் அழைத்தனர் எனக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். ஆசிரியர்கள் அதனை வகுப்பறையில் படிக்கச் செய்யுங்கள். கட்டடத்தை அரசு காக்கலாம். ஊர்ப்பெயரைப் பேசுவோரே காக்க இயலும்.