ஆட்தொகையும் பொருள்வளமும்: குருநகரிலிருந்து ஒரு நோக்கு

உள்நாட்டுப் போர்களின் முடிவைச் சமர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலத்தில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். தென்புலத்தில் ஏறத்தாழ 90 இலட்சம் பேரே இருந்தனர். அவர்களிலும் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் அடிமைகள். துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும் தென்புலத்தின் பருத்தி விலைபோகவில்லை. தளபதிகளின் திறமை இக்குறைகளை ஈடுசெய்யப் போதவில்லை.

எமது போரிலும் இதே தளர்ச்சியைக் காணலாம். யாழ் நகரின் கரையோரமான குருநகர் அதற்குச் சான்று. கடற்றொழிலுக்கு வேண்டியவை வள்ளம், வலை, எரிபொருள், ஐஸ்கட்டி, சந்தை. போருக்கு முன்னர் இங்கு சீநோர் வலைத் தொழிற்சாலை இயங்கியது. வடபகுதி மீன் தென்னிலங்கைச் சந்தைகளுக்கும் சென்றது. பின்னர் கடலே ஆபத்தான இடமாயிற்று. 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் குருநகர்த் தொழிலாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர் படுகொலை செய்யப்பட்டனர். 1990இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் எரிபொருள் அரிதாயிற்று. 1993 நவம்பர் 13 அன்று புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகியது.

அரசுக்கு வரியும் வெளிநாட்டுக் கடனும் கொழும்புத் துறைமுகமும் இருந்தன. தமிழ்த் தரப்பு புலம்பெயர்ந்தோரின் பணத்தை நம்பியது. பணம் வந்தது, போன பிள்ளைகள் வரவில்லை. யாழ் மாவட்டத்தின் இன்றைய எல்லைக்குள் 1981இல் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2012இல் அத்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரமாகியது. இதே காலத்தில் இலங்கையின் மொத்தச் சனத்தொகை 1 கோடியே 48 இலட்சத்திலிருந்து 2 கோடியே 3 இலட்சமாக உயர்ந்தது. யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 11 நாடாளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2024இல் எஞ்சியவை 6.

இவ்விழப்பு முழுவதற்கும் எதிர்த்தரப்பே காரணம் என நாம் கூறிவிட முடியாது. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர் நாட்டின் சனத்தொகையில் 12.7 வீதத்தினரே. எண்ணிக்கையில் சிறிய தரப்புக்கு அயலவனின் துணை ஆயுதத்தைவிட முக்கியமானது. ஆனால் 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலமே விடுதலைப் புலிகளால் வழங்கப்பட்டது. அம்மாதம் வடக்கிலிருந்து விரட்டப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோர். தையற்கடைகளும் இரும்புக்கடைகளும் லொறிகளும் வைத்திருந்த, தமிழே பேசிய மக்கள் இவர்கள். இது அநீதி என்பதுதான் முதலாவது; தமிழ்த் தரப்பு தன் பலத்தைத் தானே குறைத்துக்கொண்டது என்பது அதற்கு அடுத்தது. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் ஊர்களில் இதன் விளைவு மிக நீண்டது.

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995ஆம் ஆண்டின் அதே ஒக்டோபர் 30 இரவு, குருநகர் மக்கள் உட்பட வலிகாமத்தின் தமிழர்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அவர்களில் பலர் 1996இல் திரும்பினர். பலர் வன்னிக்குச் சென்றனர். 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி பிரிந்து சென்றதால் புலிகள் கிழக்கின் ஆட்பலத்தையும் இழந்தனர். இறுதிக்கட்டத்தில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாக ஆட்சேர்க்கும் நிலை உருவாகியது. பிள்ளைகளைப் பதுங்குகுழிகளில் ஒளித்துவைத்த பெற்றோரை எந்த அணியில் சேர்ப்பது?

2009இல் போர் முடிந்த பின்னர் குருநகர் வள்ளங்கள் மீண்டும் கடலில் இறங்கின. சோனகத் தெருவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் வெளியேறியவற்றில் ஒரு பகுதியே. ஏனையோரில் பலர் இன்னும் புத்தளத்தில் வாழ்கின்றனர்.