பள்ளி வாயிலில் ஒரு சீட்டு

அம்மை கண்ட பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்பது நம்மவர் அனைவரும் அறிந்ததே. வாயிலில் வேப்பிலை செருகிய வீட்டிற்குள் அயலார் நுழைவதில்லை. அவ்வீட்டுப் பிள்ளையும் வெளியே வருவதில்லை. இத்தகைய தடையை அரசாங்கமே விதியாக்கி நடத்தியபோது என்ன நேர்ந்தது என்பதற்கு நியூயார்க் நகரின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

1897-ஆம் ஆண்டில் அந்நகரச் சுகாதாரத் துறை பள்ளிகளுக்கு மருத்துவ ஆய்வாளர்களை நியமித்தது. தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல் முதலிய கொடுநோய்களைத் தடுப்பதே நோக்கம். அதில் குறை காண்பதற்கில்லை. 1902-இல் ஆய்வு கடுமையாயிற்று. டிரக்கோமா என்னும் கண்நோய், படர்தாமரை, சிரங்கு, ஏன், தலைப்பேனுக்குங்கூடப் பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். மருத்துவர் பார்ப்பார், சீட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புவார், அத்துடன் அவர் கடமை தீர்ந்தது. மருந்திடுவது அவர் வேலையன்று. கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு இம்முறை புதிதன்று!

அப்பிள்ளைகளுட் பலர் இத்தாலியிலிருந்தும் ருசியப் பேரரசிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகளின் மக்கள். பெற்றோர் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. மொழியறியா ஊரில் சர்க்கார்க் காகிதம் கைக்கு வந்தால் நெஞ்சு எப்படிப் படபடக்கும் என்பதை நம் குடும்பங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காலையில் விரட்டப்பட்ட சிறுவன் மாலையில் அதே வகுப்புத் தோழரோடு தெருவில் ஆடினான். நோய் நிற்கவில்லை, படிப்புத்தான் நின்றது.

ஹென்றி தெருவில் ஏழைகளுக்குத் தொண்டாற்றிவந்த செவிலி லில்லியன் வால்டு இதனை நெடுநாள் முன்பே கண்டிருந்தார். தலைப்புண் காரணமாகப் பன்னிரண்டு வயதுவரை பள்ளியிற் சேர்க்கப்படாத சிறுவன் ஒருவனைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அம்மையார் முறையாக மருந்திட்டுக் கவனித்தார், புண் ஆறியது, பையன் பள்ளி சேர்ந்தான். இத்தனைக்கும் அவன் தாய் அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவள்தான். மருந்தை எவ்வாறு இடுவதென்று அருகிருந்து காட்டுவார் இல்லாமற் போயினர்.

1902 அக்டோபரில் வால்டு தம் செவிலியருள் ஒருவரான லீனா ராஜர்சை நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதச் சோதனையாக அனுப்பினார். அவர் சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். பிறகு வீடு வீடாகப் படியேறித் தாய்மார்க்குச் சொல்லிக் கொடுத்தார். பயன் கண்ட நகராட்சி மேலும் செவிலியரை அமர்த்தியது. 1902 செப்டம்பரில் வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் 1,101 பேர். தொண்டை அடைப்பான் கண்டவர்கள் அப்போதும் வீட்டிற்கே அனுப்பப்பட்டனர். பேனும் சிரங்கும் உடையோர் மருந்து தடவிக்கொண்டு வகுப்பிற்குத் திரும்பினர்.