எலும்புச் சாறும் போத்தல் உணவும்

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் மதிய இடைவேளையின்போது சோற்றுப் பொதிகள் அவிழும் நேரத்தில், இளம் ஆசிரியர் ஒருவர் மட்டும் ஒரு போத்தலைக் குலுக்கிக்கொண்டிருப்பார். உள்ளே தண்ணீரில் கரைத்த ஏதோ ஒரு போஷாக்குப் பவுடர். காலையிலும் அதுவே, மதியமும் அதுவே. "ஒரு பிடி சோறு சாப்பிடுமன் தம்பி" என்று ஒருநாள் வற்புறுத்தினேன். "வேண்டாம் சேர், இதுக்குள்ள எல்லாம் இருக்கு" என்றார். பேணியைத் திருப்பி, அதில் அச்சிட்டிருந்த நீண்ட பட்டியலையும் காட்டினார்.

நேயர்களே, அவருடைய தேகநிலை பற்றித் தீர்ப்புக் கூற நான் வைத்தியன் அல்லன். ஆனால் "எல்லாம் இருக்கு" என்ற அந்தக் கூற்றுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பாரிஸ் நகரத்து ஏழைகளின் சூப்புக் கோப்பையிலிருந்து அதைத் தொடங்கலாம்.

இன்னும் சற்று முன்னரே தொடங்கவேண்டும். டெனிஸ் பப்பான் என்ற பிரான்சியர் 1679 இல் லண்டன் றோயல் சங்கத்தார் முன்னிலையில், மூடியை இறுக்கி நீராவியின் அமுக்கத்தால் எலும்பையும் மெதுமையாக்கும் பாத்திரமொன்றைக் காட்டினார். இன்று நம் அடுக்களையில் கூவுகிற பிரஷர் குக்கர் அதன் வாரிசுதான். வீசியெறியும் எலும்பையும் உணவாக்கலாம் என்பது அவருடைய கனவு. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதே கனவை டார்சே என்ற இரசாயன அறிஞர் கையிலெடுத்தார். இறைச்சி போஷாக்கானது, அதில் நைதரசன் உண்டு. எலும்பிலிருந்து வடிக்கும் ஜெலட்டினிலும் நைதரசன் உண்டு. ஆகவே ஜெலட்டின் சூப்பு இறைச்சிச் சூப்புக்கு ஈடாகும் என்பது அவர் வாதம். தருக்கம் படித்த மாணவன்கூட இதிலுள்ள ஓட்டையைக் காட்டிவிடுவான். ஆனால் தரும சிந்தையும் சிக்கனமும் கைகோத்து வரும்போது தருக்கத்தை யார் பார்க்கிறார்கள்? 1829 இல் சென் லூயி வைத்தியசாலையில் இதற்கென இயந்திரம் நிறுவப்பட்டது. நோயாளருக்கு எலும்புச் சாறு வார்க்கப்பட்டது.

குடித்தவர்கள் முறைப்பட்டார்கள். வேறொரு வைத்தியசாலையின் வைத்தியர்கள் 1831 இல் அதற்கு எதிராக அறிக்கை கொடுத்தார்கள். பிரான்சிய விஞ்ஞானக் கழகம் ஆணைக்குழு ஒன்றை நியமித்தது. அதன் முதன்மை ஆய்வாளர் உடற்றொழிலியல் வல்லுநர் மாஜாந்தி. நாய்களுக்குச் சீனியும் காய்ச்சி வடித்த நீரும் மட்டுமே கொடுத்து, அவை ஒரு மாதமளவில் இறந்துபோனதை 1816 இலேயே வெளியிட்டவர் அவர். ஆணைக்குழு பத்து வருடமளவில் இழுபட்டு 1841 இல் தன் முடிவைச் சொன்னது. ஜெலட்டின் மட்டும் உயிரைக் காப்பாற்றாது. முதலில் நக்கிப் பார்த்த நாய்களும் பின்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டன, பட்டினி கிடந்தும் அதைத் தொடவில்லை.

ஏன் என்பது மாஜாந்திக்கும் விளங்கவில்லை. புரதத்தின் கூறுகளுள் ஒன்றான ட்ரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை ஹொப்கின்ஸ், கோல் என்ற இருவரும் 1901 இல் பிரித்தெடுத்தார்கள். ஜெலட்டினில் இல்லாத ஒன்று அது. நாய்கள் மறுத்த காரணத்தின் ஒரு பகுதியைக் காண விஞ்ஞானத்துக்கு இன்னும் 60 வருடங்கள் தேவைப்பட்டன.

அதே பாரிஸில் இன்னொரு துயரமும் நடந்தது. 1870 செப்டெம்பர் முதல் 1871 ஜனவரி வரை பிரஷ்ய படைகள் நகரை முற்றுகையிட்டிருந்தன. பால் இல்லை. பாலில் என்னென்ன உண்டு என்பது தெரியும் என்ற துணிவில், புரதக் கரைசலில் இனிப்பும் கொழுப்பும் கலந்து செயற்கைப் பால் செய்து பார்த்தார்கள். அது குழந்தைகளைக் காப்பாற்றவில்லை. முற்றுகையின்போது உள்ளேயிருந்த டூமா என்ற புகழ்பெற்ற இரசாயன அறிஞர் 1871 இல் இதைப்பற்றி எழுதினார். பாலில் உயிருக்கு வேண்டியவை அனைத்தையும் பகுப்பாய்வு கண்டுவிட்டதாக மனச்சாட்சியுள்ள இரசாயனவாதி எவரும் சொல்லமுடியாது என்பது அவர் எழுதியதன் சாரம். தன் துறையின் எல்லையைத் தானே ஒப்புக்கொண்ட அறிஞரை வரலாற்றில் எத்தனை முறை சந்திக்கிறோம்?

பத்து ஆண்டுகள் கழித்து, 1881 இல், லூனின் என்ற இளம் ஆய்வாளர் பாலின் புரதம், கொழுப்பு, சீனி, உப்புகள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, மீண்டும் கலந்து எலிகளுக்குக் கொடுத்தார். அவை மாண்டன. வெறும் பால் குடித்த எலிகள் வாழ்ந்தன. விற்றமின் என்ற பெயர் பிறக்க 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் கனவு விடவில்லை. 2000 ஆம் ஆண்டில் மனிதர் சிறு வில்லைகளை உண்டே வாழ்வர் என்று பெர்த்தலோ என்ற இரசாயனப் பேரறிஞர் 1894 இல் ஒரு விருந்தில் உரையாற்றினார். விருந்தில் என்ன பரிமாறினார்களோ!

பின்பு கனவு வணிகமாயிற்று. 1959 இல் அமெரிக்காவில் மெற்றிக்கால் என்ற பானம் வந்தது. கோப்பைக்கு 225 கலோரி, நாளுக்கு நான்கு கோப்பை, வேறெதுவும் வேண்டாம் என்றார்கள். 1976, 1977 ஆம் ஆண்டுகளில் 'திரவப் புரதம்' என்ற பெயரில் வந்ததுதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. அறுத்த விலங்குகளின் தோல், தசைநாண் முதலியவற்றிலிருந்து எடுத்த கொலாஜன் அது. கொலாஜனைக் கொதிக்கவைத்தால் கிடைப்பதே ஜெலட்டின். சென் லூயி வைத்தியசாலையின் எலும்புச் சாறு, 150 ஆண்டு கழித்து, மெலியும் மருந்தாகத் திரும்பி வந்தது! அதை மட்டும் குடித்து மெலிந்தவர்களில் ஏறத்தாழ 60 பேருடைய மரணங்கள் பற்றி அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் விசாரிக்க நேர்ந்தது. பலருடைய இதயம் திடீரென ஒழுங்கு தவறியிருந்தது.

2013 இல் ரொப் ரைன்ஹார்ட் என்ற இளம் பொறியியலாளர் சமைப்பது வீண் வேலை என்று கருதி, சொய்லன்ற் என்ற பானத்தைக் கலக்கித் தம்மீதே பரிசோதித்தார். முதற் கலவையில் அவர் மறந்துவிட்டது இரும்புச்சத்தை. நெஞ்சு படபடத்த பிறகே சேர்த்துக்கொண்டார். டூமா சொன்னதை அவர் வாசித்திருக்க நியாயமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் அநீதி செய்தவனாவேன். விழுங்க முடியாத நோயாளருக்குக் குழாய்வழி ஊட்டும் திரவமும், கடும் போஷாக்கின்மையால் வாடும் பிள்ளைகளுக்கு அளந்து கொடுக்கும் பாலும் எத்தனையோ உயிர்களைக் காத்துள்ளன. அங்கே அருகிலிருந்து ஒருவர் நோயாளியை நாள்தோறும் கவனிக்கிறார். எனது ஐயம் பவுடரின்மேல் அன்று, 'எல்லாம்' என்ற சொல்லின்மேல். 2019 இல் அமெரிக்க ஆய்வாளர் 20 பேருக்கு இருவகை உணவை இரண்டிரண்டு வாரம் கொடுத்தார்கள். சீனி, கொழுப்பு, நார் எல்லாம் பட்டியலில் சமமாகவே இருந்தன. ஆனால் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அவர்கள் நாளுக்கு 500 கலோரி அளவில் கூடுதலாக உண்டார்கள். பட்டியலைப் பார்த்து இதை யாரும் ஊகித்திருக்க முடியாது.

தமிழ் வாத்தியாருக்கேயுரிய குறுக்கீடு ஒன்று. உணவு என்பது 'உண்' என்ற வினையடியாகப் பிறந்த சொல். உண்பவர் இல்லாமல் அச்சொல் இல்லை. போஷாக்கு வடமொழி வழி வந்தது. அது அளவைக்கு அடங்கும்.

இவற்றையெல்லாம் அந்த இளம் ஆசிரியரிடம் சொன்னேன். "சேர், இது பாரிஸ் எலும்பில்லை" என்று சிரித்தார். நியாயமான பதில்தான். பட்டியலில் ட்ரிப்டோபன் இருக்கிறதா என்று இருவருமாகத் தேடினோம். இருந்தது. அதற்கும் கீழே, என் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப் பிடித்தால் மட்டும் தெரியும் பொடி எழுத்தில், வழக்கமான உணவுக்குப் பதிலாக இதனைக் கொள்ளலாகாது என்று அச்சிட்டிருந்தது. அவர் அதை இரண்டு முறை வாசித்தார். பாடமணி அடித்தது.